மெட்டில்லா கிடாரும் அப்பாவின் 42 கேஜும்

இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லிடலாம். உண்மை என்னன்னா, ஆணி புடுங்கி முடிச்ச ராத்திரியெல்லாம் ஒரு கிடாருக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தேன்.

என்கிட்ட இருக்கறது ஃப்ரெட்லெஸ் பேஸ். வீணையில மெட்டுன்னு சொல்றோமே, அந்தச் சமாச்சாரம் இதுல கிடையாது. கோட்டுவாத்தியம் மாதிரி வழவழன்னு வெறும் கட்டை. விரலை இழுத்தா சுரம் குதிக்காது, வழுக்கிக்கிட்டே போகும். ரஹ்மான் பாட்டுகள்ல கீத் பீட்டர்ஸ் வாசிச்சதைக் கேட்டுக் கெட்டுப்போன பசங்கள்ல நானும் ஒருத்தன். அப்புறம் 1976-ல் வந்த ஜாக்கோ பாஸ்டோரியஸின் முதல் ஆல்பம் கையில் மாட்டிச்சு. அவ்வளவுதான், முதல் வருஷ போனஸ் மொத்தமும் சென்னையில் ஒரு செகண்ட் ஹேண்ட் பேஸுக்குப் போச்சு.

பிரச்சினை பிக்கப்பில். தந்திக்குக் கீழே ரெண்டு கறுப்புப் பட்டை இருக்கும். உள்ளே காந்தம், அதைச் சுத்தி மயிரிழையை விட மெல்லிசான கம்பியில எட்டாயிரம் ஒன்பதாயிரம் சுத்து. ரெண்டையும் சேர்த்துத் திறந்தா ஒண்ணோட இரைச்சலை இன்னொண்ணு அடிச்சிடும். ஆனா ஃப்ரெட்லெஸ்ஸோட அந்த மூக்கால பேசுற குரல் வேணும்னா பாலத்துப் பக்கத்து பிக்கப்பை மட்டும் திறக்கணும். ஜாக்கோ குரல் அதுதான். திறந்தா ‘ம்ம்ம்ம்’னு இரையும். நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸில் அடி ‘ஜி’ 49. அதாவது ஊர் முழுக்க ஜி-க்கு ஒரு மயிரிழை மேல சுருதி வெச்சுப் பாடிக்கிட்டிருக்கு, நான் ஜி பிடிச்சா அதோட சேராம அலையடிக்கும். அமெரிக்காக்காரனுக்கு 60, அவன் ‘பி’ கிட்ட அவஸ்தைப்படுவான். :-)

கள்ளக்குறிச்சி வீட்டுக்கு வந்து வேலை பார்க்க ஆரம்பிச்சதும் சத்தம் ரெட்டிப்பாச்சு. பொட்டி தட்டுறவன் புத்தி, உடனே எக்செல் ஷீட் போட்டேன். டிமார்சியோ, பார்ட்டோலினி, நார்ட்ஸ்ட்ராண்ட், இ.எம்.ஜி. பதினாலு வரிசை. எதை எடுத்தாலும் விலை நான் பேஸ் வாங்கினதுல பாதிக்கு மேல. வீட்டில் மூச்சு விடலை.

அப்பா முப்பது வருஷம் மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருந்தவர். கரும்புக்கும் மரவள்ளிக்கும் தண்ணி பாய்ச்சுற மோட்டார் எரிஞ்சா அவர்கிட்ட வரும். போன வருஷம் கண் ஆபரேஷனுக்கப்புறம் கடையை மூடிட்டார். திண்ணையில் உக்காந்து பேப்பர் படிப்பார், படிச்சதையே திரும்பப் படிப்பார். ஒரு நாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“என்னாடா அது சத்தம்?”

“பேஸ்ப்பா.”

“சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா?”

சிரிக்காமத்தான் கேட்டார். எடுத்து விளக்கினேன். காயில்னு சொன்ன உடனே உள்ளே வந்து உக்காந்துட்டார். “அப்படியே திரும்பு” என்றார். சுவத்தைப் பார்த்துத் திரும்பினேன், இரைச்சல் குறைஞ்சுது. திரும்ப ஜன்னல் பக்கம், கூடிச்சு. “பாதி அங்க இருக்கற டிரான்ஸ்பார்மர்லேர்ந்து காந்தமா வருது. அதை நீ காயில்லதான் அடக்கணும். மீதி கரகரப்பு இருக்கு பாரு, கம்பியைத் தொட்டா மாறுது. அது எர்த்து.”

பின்பக்கம் போய் எர்த் குழாயைப் பார்த்தா, கிளாம்ப் துருப்பிடிச்சு கம்பி பேருக்குத் தொத்திக்கிட்டு இருந்துது. வாத்தியார் பிள்ளை மக்குங்கற கதைதான். சுரண்டி இறுக்கி, குழியில உப்பும் கரியும் போட்டு ரெண்டு குடம் தண்ணி ஊத்தினார். கரகரப்பு போயே போச்சு. மூணு வாரம் எக்செல்ல தேடினது ஒரு ஸ்பேனர்ல முடிஞ்சுது. சரி, பாதி முடிஞ்சுது.

அப்புறம்தான் கேட்டார், “அந்தக் காயிலைக் குடேன், நானே சுத்தித் தரேன்.” அவர் கை லேசா நடுங்கறதைப் பார்த்தேன். “அய்யோ வேணாம்ப்பா, அது மெல்லிசு” என்று பட்டுனு சொல்லிட்டேன். சொன்ன விதம் சரியில்லை. ஒண்ணும் பேசாம எழுந்து போய்ட்டார்.

ரெண்டு நாள் கழிச்சு நண்பனோட பைக்ல கல்வராயன் மலை. இரைச்சலே இல்லாத இடத்தில இந்த பிக்கப்போட நிஜக் குரல் என்னன்னு கேட்காம எதையும் வாங்கறதில்லைன்னு முடிவு. பேட்டரியில் ஓடுற குட்டி ஆம்ப் ஒண்ணு. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வளைஞ்சு வளைஞ்சு ஏறி, வெள்ளிமலைக்கும் அப்பால கரண்ட் கம்பி கண்ணுல படாத ஒரு மரவள்ளிக் கொல்லை ஓரம். பாலத்து பிக்கப்பைத் தனியா திறந்தேன். சத்தமே இல்லை. ஆம்ப் ஓடுதான்னு சந்தேகப்பட்டுத் தட்டிப் பார்த்தேன். விரலை இழுத்தேன். ஆடு ஓட்டிக்கிட்டுப் போன ஒரு பெரியவர் நின்னு கேட்டுட்டு, “உறுமி மாதிரி இருக்குதே” என்றார். இத்தனை வருஷத்தில் இதை விட நல்ல விமர்சனம் எனக்குக் கிடைச்சதில்லை. உறுமியில குச்சியைத் தேய்க்கற அந்த இழுப்பேதான்.

ஆனா இரைச்சல் போனதும் குறைகள் வெட்ட வெளிச்சமாச்சு. மேல போகப் போக சுரம் பாதியிலேயே செத்துப்போகுது. பிக்கப்பைத் தந்திக்கு ரொம்பக் கிட்ட ஏத்தி வெச்சிருந்தேன், காந்தமே தந்தியைப் பிடிச்சு நிறுத்துது. திருப்புளியால ரெண்டு மில்லிமீட்டர் இறக்கினேன், சுரம் நீண்டுது. கனத்த தந்தி முழங்கி, மெல்லிய தந்தி முனகுறது மட்டும் எவ்வளவு இறக்கினாலும் தீரலை. ஆக வாங்கத்தான் வேணும், ஆனா எதுக்குன்னு இப்போ தெரியும்.

இ.எம்.ஜி.க்கு ஒன்பது வோல்ட் பேட்டரி வேணும், கச்சேரி நடுவுல அது தீர்ந்தா அம்போ. காயில் மேல காயில் அடுக்கற வகையில எனக்கு மேல் சத்தம் கொஞ்சம் மழுங்கற மாதிரி இருக்கு. மிச்சம் ஸ்ப்ளிட் காயில். ஒரே டப்பாவில் ரெண்டு குட்டிக் காயில், ஆளுக்கு ரெண்டு தந்தி. ராத்திரி சாப்பிடும்போது அப்பா தானாவே ஆரம்பிச்சார். “ரெண்டா பிரிச்சு எதிரெதிரா சுத்தி, காந்தத்தையும் தலைகீழா வெச்சா இரைச்சல் அடிபட்டுப்போவும், தந்திச் சத்தம் நிக்கும்ல?” எக்செல் பதினோராவது வரிசையை அவர் சோத்துல கைவெச்சுக்கிட்டே கண்டுபிடிச்சுட்டார். நார்ட்ஸ்ட்ராண்ட் ஸ்ப்ளிட் செட் ஆர்டர் போட்டேன். விலையையும் சொல்லிட்டேன். அம்மா ஒரு நிமிஷம் குழம்புக் கரண்டியை அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

வந்துது. பொருந்தலை. சாதாரண செட்டில் பாலத்துப் பக்க பிக்கப் மூணு மில்லிமீட்டர் நீளம் அதிகம், என் பேஸில் ரெண்டு குழியும் ஒரே சின்ன அளவு. அளந்து பார்க்காதது என் தப்புதான். ஆனா இருக்கறது கள்ளக்குறிச்சியாச்சே! 2021-ல் புவிசார் குறியீடு வாங்கின மரச்சிற்ப ஊர். அப்பாவுக்குத் தெரிஞ்ச சிற்பி ஒருத்தர், பாதி முடிஞ்ச பிள்ளையாரை ஓரமா வெச்சுட்டு, “இது என்ன மரம் தம்பி, இவ்ளோ சப்பையா இருக்கு?” என்றபடியே உளியால சீவிக் கொடுத்தார். அஞ்சு நிமிஷம். காசு வாங்கலை.

இப்போ பாலத்து பிக்கப்பைத் தனியா திறந்தா மலை மேல கேட்ட அதே அமைதி.

கழட்டின பழைய பிக்கப்பை அப்பாகிட்ட கொண்டுபோய் வெச்சேன். “42 கேஜ்ப்பா” என்றேன். பரண்லேர்ந்து 42 கேஜ் எடுத்து வந்தார், தடிமனா இருந்துது. அப்புறம்தான் விளங்கிச்சு. அவரோட 42 பிரிட்டிஷ் கணக்கு, 0.1 மில்லிமீட்டர். பிக்கப்போட 42 அமெரிக்கக் கணக்கு, 0.063. நம்ம கணக்குல கிட்டத்தட்ட 46. வரவழைச்சுக் கொடுத்தேன். பழைய கை மிஷினைத் துடைச்சு எண்ணெய் போட்டு, திண்ணையிலேயே உக்காந்து சுத்தறார். முதல் தடவை 1100-ல் அறுந்துது. நேத்து 3200.

நான் ஞாயித்துக்கிழமை சென்னை கிளம்பறேன். “வர்றப்போ இன்னும் கால் கிலோ 46 வாங்கியா” என்று சொல்லியிருக்கார்.