ஓர் அணாவின் பெருமை

தமக்கையாரின் மகளுக்குக் கூறைச் சேலை எடுக்கவென்று சென்ற ஆண்டு நாங்கள் சென்னைக்குப் பயணமானோம். நம்மவர் பலரும் செல்லும் தி. நகருக்கே சென்றோம். பெண்கள் சேலை தெரிவு செய்யத் தொடங்கிவிட்டால் ஆண்களுக்கு அங்கே அலுவல் ஏது? கடை வாசலில் நின்றபோது, மணப்பெண்ணின் தம்பி என்னை வினவினான்:

"மாமா, இந்தத் 'தி' என்றால் என்ன?"

"தியாகராய என்பதன் சுருக்கம், தம்பி. சேர் பிட்டி தியாகராயச் செட்டியார் என்றொரு பெரியவர் இருந்தார்" என்று சொல்லத் தொடங்கினேன்.

1852இல் பிறந்தவர் அவர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றவர். எனினும் உத்தியோகத்தை நாடாது நெசவு, தோல், உப்பு முதலிய தொழில்களில் ஈடுபட்டுப் பொருளீட்டினார். 1882 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்னை மாநகரசபையில் அங்கத்தினராயிருந்தார். அதன் உத்தியோகப்பற்றற்ற முதல் தலைவராகவும் விளங்கினார். 1916இல் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வென்றபோது முதன்மந்திரிப் பதவி அவரைத் தேடி வந்தது. அதனை அவர் ஏற்கவில்லை. சுப்பராயலு ரெட்டியார் அப்பதவியை ஏற்றார்.

பதவியைத் துறந்தமையினும் பெரிதாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. அதே 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகரசபைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பகலுணவு வழங்கச் சபை தீர்மானித்தது. பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு! பின்னர் வேறு சில பாடசாலைகளுக்கும் அது பரவியது. கல்வி நிதியை உணவுக்குச் செலவிடலாகாது என்று அரசாங்கம் தடுத்தமையால் 1925இல் அது நின்றது. தியாகராயர் மறைந்ததும் அவ்வாண்டிலேதான். ஆயினும் வித்து அழியவில்லை. 1956இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலமெங்கும் முளைத்தது.

இதனை மருமகனுக்குச் சொல்லும்போதே என் நெஞ்சு சுட்டது. ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், காலைப் பாடத்தில் உறங்கிய மாணாக்கன் ஒருவனை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினேன். சிறிது நேரத்தில் அவன் மயங்கிச் சாய்ந்தான். முதல் நாட் பகலுக்குப் பின் அவன் ஒன்றும் உண்ணவில்லை என்பதை அருகிலிருந்த பிள்ளை சொல்லியே அறிந்தேன். தேநீரும் பாணும் வாங்கிக் கொடுத்தேன். அவன் என்னை நிமிர்ந்து பாராமலே உண்டான். அந்த முகம் இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

அவரும் பட்டதாரி, நானும் பட்டதாரி. வகுப்பறையிலே நின்ற எனக்குப் புலப்படாத பசி, சபை மண்டபத்தில் இருந்த அந்த வணிகருக்குப் புலப்பட்டிருக்கின்றது.

இப்போது வகுப்பில் ஒரு பிள்ளை கண்ணயர்ந்தால் நான் பிரம்பைத் தேடுவதில்லை. அருகிற் சென்று, "காலையிற் சாப்பிட்டாயா, தம்பி?" என்றே முதலிற் கேட்கிறேன்.