“வண்டி வராத வழி எதுங்க மாமா?” - மடுகரையில் ஒரு குடும்பத்தின் சைக்கிள் காலை

மடுகரையில் அந்த வீட்டுத் திண்ணையோரம் ஒரு பழைய ஜென்ட்ஸ் சைக்கிள் ஒரு வருடமாகப் பூட்டியே கிடந்தது. பின் சக்கரத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலி, அதில் ஒரு பூட்டு. சாவி மகனிடம் இருந்தது.

சைக்கிள் அப்பாவுடையது. வயது 71. நிலத்துக்கும் டீக்கடைக்கும் நெட்டப்பாக்கத்துக்கும் வாழ்நாளெல்லாம் அதில்தான் போய் வந்தார். போன கரும்பு சீசனில், பாரம் ஏற்றிய டிராக்டர் ஒன்று முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. ஒதுங்கியவர் மண்ணில் சறுக்கி விழுந்தார். முழங்கை எலும்பு விரிசல். கட்டுப் பிரித்த அன்று மகன் பூட்டை வாங்கி வந்துவிட்டார். “இனிமே சைக்கிளைத் தொடாதீங்கப்பா. எங்க போவணும்னாலும் நான் பைக்ல கூட்டிட்டுப் போறேன்.”

மகன் சொன்னது அக்கறையில்தான். ஆனால், மகன் வேலைக்குப் போய்விட்டு இரவுதான் வருவார். முதலில் டீக்கடை நின்றது. பிறகு நிலத்தைப் பார்ப்பது நின்றது. மெல்ல மெல்லப் பேச்சும் குறைந்தது. இதைக் கவனித்தவர் மருமகள்.

அவருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர் அவர். தைத்ததைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கணவரின் ஞாயிற்றுக்கிழமைக்கு. 38 வயதாகியும் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஒன்பது வயது மகளோ சின்ன சைக்கிளை வைத்துக்கொண்டு தெருவிலேயே நாலு வீட்டுத் தூரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தாள். அதைத் தாண்டினால் பைக்குகள் பறக்கும்.

ஒரு சாயங்காலம் காபி டம்ளரைக் கொடுத்துவிட்டு மருமகள் கேட்டார். “மாமா, நான் சைக்கிள் கத்துக்கலாம்னு இருக்கேன். நம்ம ஊர்ல வண்டி வராத வழி எதுங்க மாமா?”

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. பேத்தியின் நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தார்.

நேரம்தான் பாதை

அவர் போட்டது வெறும் வழி மட்டுமல்ல. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் நேரம் எழுதினார். பால் வண்டி எத்தனை மணிக்குத் திரும்பும், பள்ளி வேன் எப்போது கிளம்பும், காலேஜ் பஸ் எந்தத் திருப்பத்தில் வேகமெடுக்கும் எல்லாம் அதில் இருந்தது. காலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழு வரை வாய்க்கால் கரைப் பாதையில் மாடும் மனிதரும் தவிர வேறு எதுவும் வராது என்றார். “நெல்லு அறுப்பு முடிஞ்சா மட்டும் அந்தத் தார் ரோட்டுப் பக்கம் போவாதம்மா. பாதி ரோட்டுல நெல்லு காயும், ஓரத்துல கல்லு வெச்சிருப்பாங்க. வைக்கோல் மேல ஏறினா சறுக்கும்.”

மடுகரை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். சிறுவந்தாடு பக்கம் போனால் மாநிலமே மாறிவிடும். எல்லையோரம் என்பதால் மதுக்கடைகளுக்கு வரும் பைக்குகள் உண்டு. விடுமுறை நாட்களில் அது இன்னும் அதிகம். “ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மேல எந்த ரோடும் நம்மது இல்ல” என்று ஒரு கோட்டை அடித்தே விட்டார்.

ஒரு வருடம் திண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதருக்குள் அந்தப் பக்கத்து வழிகளெல்லாம் அப்படியே இருந்தன.

புதுக்கோட்டை முதல் பொகோட்டா வரை

‘இந்த வயசுல எதுக்கு?’ என்ற கேள்வி மருமகளுக்கும் வந்தது. ஆனால், இது தமிழ்நாட்டுப் பெண்கள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்ட கேள்வி. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கையில் எடுத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டபோது கிராமத்துச் சாலையில் இத்தனை மோட்டார் வண்டிகள் கிடையாது. இன்று சைக்கிள் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. தடுமாறி விழுந்து எழுந்திருக்க ஓர் இடம்தான் இல்லை.

நகரங்கள் அந்த இடத்தை நேரத்தால் உண்டாக்குகின்றன. புதுச்சேரியில் கடற்கரைச் சாலை மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வாகனங்களுக்கு மூடப்படுகிறது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974-ல் தொடங்கிய வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் காலை 7 முதல் மதியம் 2 வரை நூறு கிலோமீட்டருக்கும் மேலான சாலைகள் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும். குழந்தை, தாத்தா, சக்கர நாற்காலியில் வருபவர் என எல்லோரும் ஒரே சாலையில் வருகிறார்கள்.

மடுகரை வாய்க்கால் கரையை யாரும் மூடவில்லை. பெரியவர் நோட்டில் எழுதிக் கொடுத்த நேரம்தான் அங்கே தடுப்பு.

சாவி எங்கே?

பக்கத்து வீட்டுப் பெண் பள்ளியில் வாங்கிய இலவச சைக்கிள் சும்மா நின்றது. அதைக் கேட்டு வாங்கினார்கள். சீட்டை முழுக்க இறக்கச் சொன்னார் பெரியவர். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். முதல் நான்கு நாட்கள் பெடலே கிடையாது. காலால் தரையை உந்தி உந்தி உருட்டுவது மட்டும்தான். “கீழ பாக்காதம்மா, தூரத்துல அந்தப் பனைமரத்தைப் பாரு.” அவர் கைத்தடியோடு பின்னாலேயே நடந்தார். ஒன்பது வயது பேத்தி முன்னால் போய்த் திரும்பி வந்து, “அம்மா, இன்னும் இங்கதான் இருக்கியா?” என்று கேட்டாள்.

ஆறாம் நாள் மருமகள் மல்லாட்டைக் கொல்லைக்குள் விழுந்தார். முழங்காலில் சிராய்ப்பு. எட்டாம் நாள் பனைமரம் வரை போனார். பத்தாம் நாள் திரும்பிப் பார்த்தபோது மாமா வெகு தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அன்று இரவு கணவரிடம் சாவியைக் கேட்டார்.

“திரும்ப விழுந்தா என்ன பண்றது?”

“மாமாவுக்கு ஓட்டத் தெரியாம விழலீங்க. அந்த ரோட்டுல, அந்த நேரத்துல போனதால விழுந்தாரு. அவரு காட்டின வழியிலதான் நான் பத்து நாளா ஓட்டுறேன். ஒரு டிராக்டர்கூட வரல.”

கணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு நிபந்தனை போட்டார். காலையில் மட்டும், வாய்க்கால் கரையில் மட்டும், தனியாக இல்லாமல். சீட் இரண்டு அங்குலம் இறங்க வேண்டும். மறுநாள் அவரே பூட்டைத் திறந்து, காற்று இறங்கிப்போன டயரை சைக்கிள் கடையில் மாற்றிக்கொண்டு வந்தார்.

உங்கள் ஊரிலும் தேடலாம்

இப்படி ஒரு வழி பெரும்பாலான கிராமங்களில் இருக்கும். தேடும்போது இவற்றைக் கவனியுங்கள்.

- ஊரின் வயதான சைக்கிள்காரரிடம் கேளுங்கள். வழியோடு நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.
- முதல் நாள் அந்த வழியை நடந்தே பாருங்கள். கருவேல முள், நாய்கள், உடைந்த மதகு எல்லாம் நடக்கும்போதுதான் தெரியும்.
- மெயின் ரோட்டைக் கடக்கும் இடத்தில் இறங்கி, தள்ளிக்கொண்டு போங்கள்.
- கூட்டத்தில் மெதுவாகப் போகிறவர் முன்னால் போகட்டும். மற்றவர்கள் அவர் வேகத்துக்குப் போகலாம்.
- உடல் சமநிலை இல்லாதவர்களுக்கு மூன்று சக்கர சைக்கிள் உண்டு. பார்வையில்லாதவர்கள் இருவர் மிதிக்கும் சைக்கிளில் பின் இருக்கையில் ஓட்டலாம். அவர்களுக்கு அகலமான, சமதளமான பாதையாகப் பாருங்கள்.
- மழைக்காலத்தில் களிமண் கரையைத் தவிர்த்துவிடுங்கள். இருட்டிய பிறகு வரப்பு வழி வேண்டாம், பாம்பு இருக்கும்.

பெரியவருக்கு ஒரு கவலை உண்டு. கரைக்குத் தார் போட்டால் நல்லதுதான், மேடு பள்ளம் இருக்காது. ஆனால், அன்றைக்கே டிப்பர் லாரிகள் குறுக்கு வழி என்று உள்ளே வந்துவிடும். “ரெண்டு பக்கமும் நடுவுல ஒரு கல்லு நட்டாப் போதும். மாடு போவும், சைக்கிள் போவும், லாரி போவாது” என்கிறார். பாதை போடுகிறவர்கள் காதில் இது விழ வேண்டும்.

போன வாரம் மருமகள் தைத்த நான்கு ஜாக்கெட்டுகளைக் கேரியரில் கட்டிக்கொண்டு, முதன்முறையாகத் தானே பக்கத்து ஊருக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மாமாவுக்கு அவ்வளவு தூரம் முடியாது, முழங்கால் வலிக்கும். மதகுக் கட்டை வரை கூடவே ஓட்டிக்கொண்டு போய், சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்தவரிடம் கேட்ட முதல் கேள்வி, “எதிர்ல டிராக்டர் ஏதாவது வந்துச்சா?”

“இல்லீங்க மாமா.”

“நேரம் சொன்னேன்ல” என்று எழுந்தார்.