கடைமடை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த நிலம். 1960களில் அம்பத்தூருக்குத் தொழிற்பேட்டை வந்தது. வயல்கள் மெல்ல மனைகளாயின. மதகு, மடை, நீர்க்கட்டி ஆகியவை இன்று என் மாணவர்கள் அகராதியில் தேடும் சொற்கள். அவற்றுள் 'கடைமடை' மட்டும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. வாய்க்காலின் கோடியில் உள்ள வயலுக்கான மடை அது. மேல்மடைக்காரர் அளவோடு எடுத்தால்தான் அங்கே நீர் போய்ச் சேரும். அச்சொல்லின் பொருளை எனக்கு உணர்த்தியது இணையக் கம்பி.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், கல்லூரிக் கணினி அறைக்கு ஓர் ஐ.எஸ்.டி.என். இணைப்பு இருந்தது. நொடிக்கு 64 கிலோபிட் செல்லும் இரண்டு தடங்களைச் சேர்த்து 128 ஆக்கி, ஒரு ரவுட்டர் வழியே 20 கணினிகளுக்குப் பகிர்ந்திருந்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆறு கிலோபிட் சொச்சம். ஆயினும் பெரும்பாலான நாட்களில் அது போதுமானதாகவே இருந்தது. ஒருவர் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது கம்பி அவருக்குத் தேவையில்லை. அந்த இடைவெளியில் இன்னொருவர் நுழைந்துவிடுவார். எத்தனை பேருக்கு எத்தனை தடங்கள் போதும் என்பதற்குக் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்லாங் 1917லேயே சூத்திரம் தந்துவிட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசமாட்டார்கள் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கும் கணக்கு அது.

தேர்வு முடிவு வரும் நாளில் அந்தக் கணக்கு தோற்கும். ஒருமுறை முன்வரிசை மாணவன் ஒருவன் பாட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் பதிவெண்ணைத் தட்டிய பெண்களுக்குப் பக்கம் திறக்கவேயில்லை. ஆய்வக உதவியாளர் எழுந்து, "பாட்ட நிறுத்துப்பா, பின்னாடி இருக்கற பொண்ணுங்க மொதல்ல பாக்கட்டும்" என்றார். பிறகு வரிசை வரிசையாக முறை வைத்தார். ஊர் நீர்க்கட்டி செய்த வேலைதான்.

இணையமே இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் பெர்க்லியில் சுமார் 400 கஜ தூரமே உள்ள இரண்டு இடங்களுக்கிடையே, நொடிக்கு 32 கிலோபிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. தொலைந்த பொட்டலங்களை எல்லாக் கணினிகளும் மீண்டும் மீண்டும் அனுப்பியதால் வந்த நெரிசல். 1988இல் வான் ஜேக்கப்சன் வெளியிட்ட தீர்வு எளிமையானது: பொட்டலம் தொலைந்தால் உன் வேகத்தைக் குறைத்துக்கொள், பிறகு மெல்ல ஏற்று. அன்று முதல் ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஓர் அடக்கம் குடியேறியது. ஆனால் அந்த அடக்கம் இணைப்புகளை மட்டுமே எண்ணும். பத்து இணைப்புகளைத் திறந்தவருக்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு கிடைக்கும். யாருக்கு அவசரம் என்பது அதற்குத் தெரியாது.

2020 ஊரடங்கில் இதை வேறு விதமாகக் கண்டேன். அதற்குள் தெருக்களில் ஒளியிழை வந்திருந்தது. நொடிக்கு இரண்டரை ஜிகாபிட் செல்லும் ஒரே இழை பிரிந்து 32 வீடுகளுக்கும் அதற்கு மேலும் பாயும் ஏற்பாடு அது. பூந்தமல்லிப் பக்கத்து மாணவி ஒருத்தியின் வீட்டிலோ மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. காலையில் அது பள்ளி செல்லும் தம்பியிடம் இருக்கும். என் வகுப்பும் காலையில்தான். வருகைப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே நாள்தோறும் 'இல்லை'. 75 விழுக்காடு வருகை இல்லையேல் தேர்வெழுத முடியாது. துறைக் கூட்டத்தில் நெடுநேரம் வாதாடினோம். இறுதியில் பாடத்தைச் சிறிய ஒலிப்பதிவாக இரவில் அனுப்புவது, மறுநாள் மாணவர் எழுதியனுப்பும் பத்து வரியை வருகையாகக் கொள்வது என்று முடிவாயிற்று. அவள் தேர்வெழுதினாள்.

2023இல் என்.டி.டி. நிறுவனம் அம்பத்தூரில் பெரிய தரவு மையம் ஒன்றைத் திறந்தது. தலைமதகே நம் ஊருக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். எனினும் கல்லூரியில் 'எல்லோரும் ஒன்பது மணிக்கு நேரலையில் வந்துவிடுங்கள்' என்று யாராவது அறிவிக்கும்போதெல்லாம், அந்த வீட்டில் கைப்பேசி இப்போது யார் கையில் இருக்கிறது என்றே என் மனம் கேட்கிறது.