35 சென்டிமீட்டர் யாருக்கு?

"ஸ்டாண்டர்ட் சைஸ்"னு சொன்னா ஒரே சைஸ்னுதானே நினைப்போம்? சரக்கு அடுக்குற பேலட்ல ஐஎஸ்ஓ 6780 ஆறு சைஸை ஏத்துக்குது. ஐரோப்பாவுக்கு 1200×800 மில்லிமீட்டர், அமெரிக்காவுக்கு 48×40 இன்ச், ஜப்பானுக்கு 1100×1100. இப்படியே போகுது.

இதுல யூரோ பேலட்டுக்கும் கன்டெய்னருக்கும் சுத்தமா ஒத்துப்போகாது. அது 1961-ல ஐரோப்பிய ரயில்வேக்கள் சேர்ந்து பேசி வெச்ச அளவு. கன்டெய்னரோட 8 அடி அகலமோ அமெரிக்க லாரிகளைப் பார்த்து வந்தது. உள்ளே சுமார் 2.35 மீட்டர்தான். ரெண்டு பேலட்டையும் நீளவாக்கில் வெச்சா 2.4 மீட்டர், நுழையாது. ஒண்ணை நீளவாக்கிலும் ஒண்ணைக் குறுக்கேயும் வெச்சா 2 மீட்டர். மிச்சம் 35 சென்டிமீட்டர் காலி. 20 அடி கன்டெய்னர்ல 11 பேலட்தான் ஏறும்.

பேப்பர்ல அகலத்துல 85 சதவீதம் நிரம்புதுன்னு எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போயிடலாம். நான் இன்டர்ன்ஷிப் போன இடத்துல, ஜெர்மனிக்குப் போற லோடு ஏத்தும்போது ஒரு அண்ணன் சொன்னார்: "கடல்ல ஆடும் தம்பி. சந்து விட்டா அடுக்கு சாயும். அந்தப் பக்கம் கதவைத் திறக்கிறவன் மேலதான் விழும்."

அதனால சந்துல காத்துப் பை செருகி ஊதுறாங்க. அந்தப் பையைச் சரியா நிறுத்த, ஒல்லியான ஆளாப் பார்த்துதான் உள்ளே அனுப்புறாங்க. அண்ணன் என்னையும் ஒருமுறை மேலிருந்து கீழ் அளந்து பார்த்தார்.