ஆளில்லாத வீட்டின் சாவி

சிங்கப்பூரில் கல்யாணத்துக்கு முன்னால் வீடு வந்துவிடுகிறது. நிச்சயமான ஆணும் பெண்ணும், தாலி ஏறுவதற்கு முன்பே, வீவக என்று இங்குள்ள தமிழர்கள் சுருக்கிச் சொல்லும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் சேர்ந்து மனுப் போடலாம். அதற்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். குலுக்கலில் வரிசை எண் விழ வேண்டும். விழுந்தாலும் கட்டடம் எழும்பும்வரை பெரும்பாலும் மூன்று, நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். சாவி கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். குத்தகை 99 வருடம். ஐந்து வருடமாவது அதில் குடியிருந்தால்தான் விற்கலாம். இப்படி மனுப் போட்டுக் கட்டித் தரும் வீட்டுக்குப் பிடிஓ என்று பேர். இந்தத் தீவில் காதலிக்கிற பிள்ளைகளைப் பார்த்து உறவுக்காரர்கள் முதலில் கேட்பது, "பிடிஓ போட்டாச்சா?" என்பதுதான்.

எங்களுக்கும் சாவி வந்துவிட்டது. ஐப்பசிக் கடைசியில், பொங்கோலில், பதினோராவது மாடியில். கல்யாணம் தையில், சீர்காழியில். நான் கட்டிக்கொள்ளப்போகிறவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நான் வேலைக்கு வந்து நிரந்தரவாசி ஆனவள். இடையில் இருக்கும் இந்த வாரங்களில், வேலை முடிந்ததும் இருவரும் அங்கே போய்ச் சுவருக்கு வர்ணம் பார்க்கிறோம், அளவு எடுக்கிறோம், வாசலில் நின்று ஜன்னல் வரைக்கும் பார்க்கிறோம். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு அவர் அத்தை வீட்டுக்கும் (அவர் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன்) நான் தோழிகளோடு இருக்கும் வாடகை அறைக்கும் திரும்புகிறோம்.

நல்ல வீடு. காற்று வருகிறது. எங்கள் பெயருக்கு ஒரு கூரை இருக்கிறது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. சென்னையில் இருக்கும் என் வயதுத் தோழிகள் யாருக்கும் இது கிடைக்கவில்லை. ஆனால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மனம் ஒன்றைத் தேடுகிறது. உள்ளே யாரும் இல்லை. எங்களுக்கு முன்னால் அங்கே யாரும் இருந்ததும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் போய்ச் சேரும் வீட்டில் ஆட்கள் ஏற்கெனவே இருப்பார்கள். அம்மா கொள்ளிடக்கரை ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அப்பாயிதான் ஆரத்தி எடுத்தாராம். மறுநாள் விடியற்காலையில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், உப்பு ஜாடி எங்கே, புளிப்பானை எங்கே, மழைநாளில் எந்தக் கதவு உப்பிக்கொள்ளும், கொல்லையில் எந்தத் தென்னை பங்காளி வீட்டுடையது, எந்த மாடு உதைக்கும் என்று வரிசையாகச் சொன்னாராம். அம்மா இதைச் சொல்லும்போது பாதிச் சிரிப்பும் பாதிக் கோபமுமாகச் சொல்வார். அந்த வீட்டில் அம்மா அழுத அழுகையும் எனக்குத் தெரியும். கூட்டுக்குடும்பத்தில் மருமகள்கள் பட்ட பாட்டை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ எனக்கு வாய் வராது. இருந்தும் அந்த விடியற்காலை எனக்கு வேண்டும். ஒரு வீட்டில் எல்லாருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தவளாக நான் இருக்க வேண்டும். இங்கே நானே முதல் ஆள். எது எங்கே இருக்க வேண்டும் என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். அது சுதந்திரம் என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். சுதந்திரம்தான். அதோடு ஒரு வெறுமையும் சேர்ந்தே வருகிறது.

யாரும் இல்லாத இடத்தில் முதலில் வந்து சேர்வது என்றதும் எங்கள் ஊர்க் கோயில் நினைவுக்கு வருகிறது. சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் கீழே பிரம்மபுரீஸ்வரர், நடுத்தளத்தில் தோணியப்பர், உச்சியில் சட்டைநாதர். ஊழி வெள்ளத்தில் உலகமே முழுகிப்போக, அறுபத்து நான்கு கலைகளையும் காத்துக்கொண்டு சிவன் உமையோடு தோணியில் வந்து தங்கிய இடம் சீர்காழி என்பது தலபுராணம். தோணிபுரம் என்பது அதன் பன்னிரண்டு பெயர்களில் ஒன்று. சின்ன வயதில் வெள்ளிக்கிழமைகளில் அப்பாயியோடு அந்தப் படிகளில் ஏறியிருக்கிறேன். சட்டைநாதர் சந்நிதிக்குப் போகும்முன் தலையில் வைத்த பூவை எடுத்துவிட வேண்டும் என்பதில் அப்பாயி கண்டிப்பு. அந்த வயதில் எனக்குத் தோணியப்பரும் பெரியநாயகியும் பெரிய உருவங்கள், அவ்வளவுதான். இப்போது நினைத்தால், சுற்றிலும் தண்ணீர், நடுவில் ஒரு மேடு, அதில் வந்து இறங்கிய இரண்டு பேர். அவர்களுக்கும் ஆரத்தி எடுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

2023 ஏப்ரலில் அந்தக் கோயிலில் கும்பாபிஷேகத்துக்காக யாகசாலை போடப் பள்ளம் தோண்டியபோது ஐம்பொன் சிலைகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகளும் கிடைத்தன. அம்மா போனில் மூச்சிரைக்கச் சொன்னார். எங்களுக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. அடுத்த மாதம் கும்பாபிஷேகம். முப்பது வருடத்துக்கு மேல் ஆகி நடந்த கும்பாபிஷேகம் அது. நான் போகவில்லை. விடுமுறை கிடைக்கவில்லை. அந்த ஊரில் பிறந்து, நான் பார்த்திருக்க வேண்டிய ஒன்றைப் படக்காட்சியில் பார்த்தேன்.

மழைதான் என்னை அதிகம் வாட்டுகிறது. ஐப்பசி கார்த்திகையில் சீர்காழியை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் கொஞ்சம் பின்னால் இந்தத் தீவிலும் மழையைக் கொட்டுகிறது. இங்கே மழை பெய்தால் குடை எடுக்க வேண்டும், அதோடு முடிந்தது. ஊரில் மழை என்றால் ஒரு பேச்சு தொடங்கும். உப்பனாற்றில் தண்ணீர் எவ்வளவு, கடல் உள்வாங்குகிறதா இல்லை எதிர்த்து நிற்கிறதா, வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா, சம்பா நட்டு எத்தனை நாள், பயிர் முழுகினால் எத்தனை நாள் தாங்கும். 2022 நவம்பர் 11ஆம் தேதி இரவு தொடங்கி 24 மணி நேரத்துக்குள் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. 122 வருடத்தில் இப்படி இல்லை என்றார்கள். சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது அரசு. அப்பாவின் சம்பா அப்படியே தண்ணீருக்குள். அன்று இந்தத் தீவிலும் மழை பெய்தது. அலுவலகத்தில் யாரோ, நல்லவேளை வெயில் குறைந்தது என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் அந்த மேஜையில் உட்கார முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புது வீட்டுக்கு நான் முதலில் வாங்கி வைத்தது ஒரு மூட்டை பொன்னி அரிசி, தேக்கா சந்தைப் பக்கத்துக் கடையில். இங்கே புதிதாகக் கட்டும் வீடுகளில் பெரும்பாலும் கனத்த கதவு போட்ட ஒரு சின்ன அறை உண்டு. குண்டு விழுந்தால் ஒதுங்குவதற்காகக் கட்டியது. எல்லாரும் சாமான் போட்டு வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது பத்தாயம் ஆகிவிட்டது. பொன்னி என்றால் காவிரி, காவிரி என்றால் நாங்கள் என்று அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் படித்தேன்: நாம் சாப்பிடும் பொன்னியின் மூலம் மாசூரி. அது மலேசியாவில் உருவாக்கப்பட்டு 1965இல் அங்கே வெளியான ரகம். பாலத்தைத் தாண்டினால் அந்த நாடு. அங்கே பிறந்த நெல் கடல் தாண்டி வந்து காவிரி வீட்டு மருமகளாகி, அந்த ஆற்றின் பேரையே வாங்கிக்கொண்டது. அந்த ரகம் எங்கள் வயலுக்குப் புதுசு என்று இன்று யாரும் நினைப்பதில்லை. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. நெல்லுக்கு ஆனது ஒரு பெண்ணுக்கும் ஆகலாம் அல்லவா.

நான் கட்டிக்கொள்ளப்போகிறவருடைய தாத்தாவும் அப்படிக் கடல் தாண்டியவர்தான், மாயவரம் பக்கத்தவர். நாகப்பட்டினத்தில் ராஜூலா ஏறி வந்தவர். 1926இல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகள் வரை நம் ஆட்களைச் சுமந்தது. அவர் தனியாக வந்து, சில வருடம் கழித்துத்தான் பாட்டியைக் கூட்டிவந்தாராம். அந்தப் பாட்டிக்கு ஆரத்தி எடுத்தது, பக்கத்து அறையில் குடியிருந்த ஒரு மலாய்க்காரம்மாவும் ஒரு கேரளத்துப் பெண்ணும் என்று அத்தை சொல்கிறார். ஆரத்தி கரைக்கத் தெரியாமல் மஞ்சளும் சுண்ணாம்பும் எவ்வளவு என்று பாட்டியையே கேட்டார்களாம். நான் இந்தப் பாட்டியைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நிறைய கேட்டிருப்பேன்.

சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் நாராயண பிள்ளை எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்குப் பத்திரிகை வைக்கப் போனோம். புதிதாகக் கப்பலிறங்கியவர்கள் வேலை கிடைக்கும்வரை தங்கிக்கொண்ட இடம் அது. ஒரு காலத்தில் இந்துத் திருமணங்களைப் பதிவு செய்ததும் அங்கேதான். நாகை, கடலூர்ப் பக்கத்துக் கைவினைஞர்கள் கட்டியது என்கிறார்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். எங்கள் ஊர்க்கோபுரத்துப் பொம்மைகளின் முகஜாடை அதில் இருந்தது. அம்மனிடம் அதிகம் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்து மாசியில் இங்கே பால் காய்ச்சுகிறோம். அத்தை ஆரத்தி எடுப்பார். அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து விமானம் ஏறுவார்கள். அப்பாயிக்குப் பாஸ்போர்ட் மனுப் போட்டிருக்கிறோம். பிறந்த தேதி கேட்டால், "தஞ்சாவூர்ச் சீமையில பெரும்புயல் அடிச்ச வருசம்" என்கிறார். 1952 கார்த்திகைப் புயலாக இருக்க வேண்டும். ஆதாரில் இருப்பது ஜனவரி ஒன்று. "அவ்ளோ ஒசரத்துல நான் எப்புடிடி இருப்பேன், கொல்லக்கிக் கூட எறங்க முடியாதே" என்று மறுக்கிறார். நான் விடுவதாக இல்லை. அப்பாயி வந்து அடுப்படியில் நின்று, உப்பை இங்கே வை, புளியை அங்கே வை என்று என்னை அதட்ட வேண்டும். அவர் வைக்கச் சொன்ன இடத்தை நான் மாற்ற மாட்டேன்.