மாமாவின் இடது கை ஃப்ளாப்பியில் இருந்தது!

1983-ல் உருவான ஓர் இணைப்பு முறை என் புது லேப்டாப்போடு சண்டையே போடாமல் வேலை செய்தது. அதற்கு இருபது வருடம் கழித்து வந்த ஒரு பெட்டி, விளக்கு எரிந்தும் வேலை செய்யவில்லை. இரண்டுமே எங்கள் மாமாவுடையவை. பழைய கீபோர்டு, கேசட், ரெக்கார்டிங் சாமான் ஏதாவது வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

மாமா திண்டுக்கல் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, ஆயுத பூஜைக்கு ஆட்டோ ஸ்டாண்டு கச்சேரி என்று ஓய்வில்லாமல் ஓடியவர். இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்தது. இப்போது நடக்கிறார், வலது கையால் எல்லா வேலையும் செய்கிறார். இடது கை மட்டும் கீபோர்டுக்குத் திரும்பவில்லை.

"மாமா வாசிச்சதெல்லாம் அந்த ஃப்ளாப்பியிலதான் கிடக்கு. நீதான் நாள் பூரா கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருக்கியே, எப்படியாவது எடுத்துக் குடு பாப்பா" என்று அத்தை போனில் சொன்னார். பிஸ்கட் டப்பாவில் 31 ஃப்ளாப்பிகள் இருந்தன. கூடவே கீபோர்டோடு வந்த மென்பொருள் சிடி ஒன்றும், ஆசை ஆசையாய் வாங்கிய ரெக்கார்டிங் பெட்டி ஒன்றும்.

சிடி, விண்டோஸ் 98 காலத்தது. விண்டோஸ் 11-ல் நிறுவவே முடியவில்லை. ரெக்கார்டிங் பெட்டியில் இருந்தது ஃபயர்வயர் துளை. இன்றைய லேப்டாப்களில் அது கிடையாது. அடாப்டர் தேடிப் பிடித்தாலும், கம்ப்யூட்டரும் பெட்டியும் பேசிக்கொள்ள 'டிரைவர்' என்ற மென்பொருள் வேண்டும். புது விண்டோஸுக்கு ஏற்ற டிரைவரை அந்த நிறுவனம் தரவே இல்லை. பெட்டியில் பழுதே இல்லை, ஆனாலும் பயனில்லை.

கீபோர்டின் முதுகில் ஐந்து ஓட்டைகளோடு வட்டமான துளைகள் இருந்தன. அதுதான் 'மிடி'. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷி இருவரும் முன்னின்று கொண்டுவந்தது. ஒரு கம்பெனி கீபோர்டு இன்னொரு கம்பெனி கீபோர்டோடு பேச வேண்டும் என்பதே நோக்கம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், ராயல்டி இல்லை என்று விட்டுவிட்டார்கள். அதனால் எல்லா நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. 2013-ல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

ஒரு முனையில் யு.எஸ்.பி, மறுமுனையில் மிடி உள்ள கேபிள் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். லேப்டாப் டிரைவர் எதுவும் கேட்கவில்லை. கேபிளில் 'இன்' என்று எழுதிய முனை, கீபோர்டில் 'அவுட்' என்று எழுதிய துளைக்குப் போக வேண்டும். இதை மட்டும் கவனித்தால் போதும்.

யு.எஸ்.பி ஃப்ளாப்பி டிரைவில் சில ஃப்ளாப்பிகள் உடனே திறந்தன. பலவற்றுக்கு, "டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டது. 'ஆம்' கொடுத்தால் எல்லாம் போய்விடும். அவை காலி டிஸ்க்குகள் அல்ல. கீபோர்டு தன் சொந்த முறையில் எழுதியவை. அவற்றைக் கீபோர்டிலேயே போட்டு ஓடவிட்டோம். பாட்டு மிடி கேபிள் வழியாக வர வர, லேப்டாப் பதிவு செய்துகொண்டது. பூஞ்சை பிடித்த ஒன்பதைத் தவிர, மற்ற 22-ம் பிழைத்தன.

மிடியில் வருவது சத்தம் அல்ல. எந்தக் கட்டையை, எந்த நொடியில், எவ்வளவு அழுத்தி வாசித்தார், எப்போது விரலை எடுத்தார் என்ற குறிப்புகள் மட்டுமே. அழுத்தத்துக்கு 127 வரை எண். திரையில் ஒவ்வொரு சுரமும் சின்னக் கோடாக வந்தது. சில இடங்களில் தாளக் கட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் தாமதமாக விழுந்திருந்தது. ஒரே பட்டனில் அத்தனையையும் நேராக்கும் வசதி மென்பொருளில் உண்டு. செய்யட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் பாப்பா. பாடுறவரு மூச்சு வாங்கட்டும்னு நான் நின்ன இடம் அது" என்றார் மாமா.

அந்தப் பாட்டில் வலது கை ஒரு தடத்திலும் இடது கை இன்னொரு தடத்திலும் பதிவாகியிருந்தன. வலது கைத் தடத்தை மட்டும் நிறுத்திவிட்டு ஓடவிட்டேன். இடது கையின் கார்டுகள் மட்டும் வந்தன. மாமா எதுவும் சொல்லாமல் வலது கையைக் கீபோர்டில் வைத்தார். முதல் இரண்டு வரி தடுமாறியது. மூன்றாவது வரியில் சேர்ந்துகொண்டார். பல வருடத்துக்கு முந்தைய தன் இடது கையோடு, இன்றைய வலது கையால் ஒரு முழுப் பாட்டு வாசித்தார். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலில் நின்று கேட்டார். இப்போது தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் இப்படித்தான் போகிறது.

ஒரு குறையும் உண்டு. லேப்டாப்பில் ஓடவிட்டால் தபேலா வர வேண்டிய இடத்தில் பாங்கோவும் ஜால்ராவும் கலந்து ஏதோ கேட்கும். 1991-ல் வகுத்த பொதுவான 128 ஒலிகள் பட்டியலில் சிதாருக்கும் ஷெனாய்க்கும் இடம் உண்டு, தபேலாவுக்கு இல்லை. அதனால் கீபோர்டின் 'லைன் அவுட்' துளையிலிருந்து லேப்டாப்பின் ஆடியோ இன்புட்டுக்கு ஒரு ஒயர் இழுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் சத்தத்தையும் தனியாகப் பதிந்துவைத்தோம். வாசிப்புக்கு மிடி, சத்தத்துக்கு ஆடியோ என இரண்டையும் எடுத்து வைப்பதே பத்திரம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருந்தால், எடைக்குப் போடும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து ஓட்டைத் துளை இருந்தால் நம்பிக்கை உண்டு. லேப்டாப் இல்லையென்றாலும் கவலையில்லை, ஓ.டி.ஜி அடாப்டர் போட்டால் பல ஆண்ட்ராய்டு போன்களே அந்த மிடி கேபிளை ஏற்கும். ஃப்ளாப்பியின் மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி, துளை திறந்திருக்கும்படி வைத்துவிட்டால் தவறுதலாகக்கூட அழியாது. பூஞ்சை யாருக்காகவும் காத்திருக்காது. வாசித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது எந்த ஊர்க் கச்சேரி என்று சொல்லும் காலத்திலேயே எடுத்துவிடுங்கள்.