கூடைப்பந்தும் குரு பரம்பரையும்

பிரிக்பீல்ட்சிலுள்ள ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். கோலாலம்பூரில் அவ்வியக்கம் 1905ஆம் ஆண்டில் தோன்றியது. அதே இயக்கத்தைச் சேர்ந்த பயிற்சிக் கல்லூரி ஒன்றில்தான், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை மேல்மாடி விளிம்பில் ஆணியடித்து மாட்டிக் கூடைப்பந்தைத் தோற்றுவித்தார். நம் பள்ளிச் சிறுமியர் ஆடும் வலைப்பந்தும் அதன் வழிவந்ததே.

விளையாட்டுப் பொறுப்பாசிரியன் என்ற முறையில் என் உள்ளத்தை நெடுநாளாக ஈர்த்துவரும் வினா ஒன்றுண்டு. கல்லூரிக் குழுவில் ஒரு மாணவன் பெரும்பாலும் நான்காண்டுகளே இருப்பான். ஆடியவர் அனைவரும் அகன்ற பின்னரும் சில கல்லூரிகள் தலைமுறை தலைமுறையாகச் சிறந்து விளங்குவது எங்ஙனம்? பொருள்வளமும் பெரிய அரங்கமும் புகழ் நாடி வரும் ஆட்டக்காரரும் காரணமென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவை மட்டும் போதா.

லாஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கு 1948இல் பயிற்றுநராக வந்த ஜான் வுட்டன், முதல் தேசிய வெற்றிக்கு 1964 வரை காத்திருந்தார். பயிற்சிக்கு முன் ஆடுதளத்தைத் தாமே துடைப்பார். புதிய மாணவர்க்கு அவர் முதலில் கற்பித்தது யாது தெரியுமா? காலுறையைச் சுருக்கமின்றி அணிவது! சுருக்கம் கொப்புளத்தை உண்டாக்கும். கொப்புளம் வந்தால் ஓட இயலாது. 1964 முதல் 1975 வரை பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை அவர் குழு வாகை சூடியது. அவர் ஓய்வு பெற்றபின் அப்பல்கலைக்கழகம் மீண்டும் வென்றதோ ஒரே முறை, 1995இல்.

இனி மற்றொரு வழியைக் காண்போம். நெய்ஸ்மித் 1898இல் கன்சாஸ் பல்கலைக்கழகம் சென்றார். ஆட்டத்தைக் கண்டுபிடித்த அவர் அங்கே வென்றவை 55, தோற்றவை 60! ஆனால் அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் பெரும் பயிற்றுநரானார். ஆலனிடம் ஆடிய டீன் ஸ்மித் 1961 முதல் 1997 வரை வட கரோலினாப் பல்கலைக்கழகக் குழுவை நடத்தினார். பந்தைக் கூடையில் இட்டவன், அதைத் தனக்குத் தந்த தோழனை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும் என்பது அவர் பழக்கிய வழக்கம். அவரிடம் துணைப் பயிற்றுநராயிருந்த ராய் வில்லியம்ஸ் 2005, 2009, 2017 ஆகிய ஆண்டுகளில் அதே பல்கலைக்கழகத்திற்கு வெற்றி தேடித் தந்தார். நம் நாதசுவரக் கலைஞர்கள் போற்றும் குரு பரம்பரை இதுவன்றோ!

வுட்டனின் சாதனைக்கு ஈடில்லை. எனினும் நம் போன்ற சிறு பள்ளிக்கு இரண்டாம் வழியே பொருந்துமெனக் கருதுகிறேன். நம் வலைப்பந்துக் குழுவினர் எழுவருள் ஐவர் ஆறாம் ஆண்டு மாணவியர். ஆண்டிறுதியில் இடைநிலைப் பள்ளிக்குச் செல்வர். எனக்கும் இடமாற்றம் வரக்கூடும். ஆகவே இப்பருவத்தில் ஐவரும் ஆளுக்கு இரு நான்காம் ஆண்டுச் சிறுமியரை ஏற்றுக் கற்பிக்கின்றனர். நான் ஊதலுடன் ஓரமாக நிற்கிறேன். பந்தைப் பிடித்ததும் ஓடாமல் நிற்பதற்கே இரு வாரங்கள் ஆயின. வெயிலைக் கண்டு மூவர் நின்றுவிட்டனர். மற்ற எழுவரும் சனிக்கிழமைதோறும் தவறாமல் வருகின்றனர். ஒரு குழுவிற்கு எழுவர் போதும்.